காற்றுப் புகாத பெட்டி

அந்த வீட்டில் யார் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாலும் மூன்று விசில் கேட்கும். முன்னறையின் மூலையில், பழைய துணியும் காய்ந்த புல்லும் பரப்பிய கூண்டில் இருந்த மூன்று கினிப் பன்றிகள் கொடுத்த விசில் அது. கதவின் காந்த ரப்பர் பட்டை ‘பப்’பென்று விடுபடுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் கொத்தமல்லிக் கட்டு தங்களுக்குத்தான் என்று மூன்றும் முடிவு கட்டிவிடும். தண்ணீர் எடுக்கத் திறந்தாலும் விசில்தான், மருந்து எடுக்கத் திறந்தாலும் விசில்தான்.

அது ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வீடு என்பதுதான் வேடிக்கை. வீட்டை ஒட்டிய பட்டறையில் எந்நேரமும் நாலைந்து ஃப்ரிட்ஜ்கள் கதவு திறந்து மூடிக்கொண்டேயிருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை ஏமாந்தாலும் இருபத்தோராவது தடவையும் அதே நம்பிக்கையோடு மூன்றும் விசிலடிக்கும். “என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு வரவேற்பு இல்லப்பா” என்பார் மெக்கானிக்.

தெருவில் அவருக்குக் ‘கூலிங்’ என்று பெயர். தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டென்றால் அது கசிவு. கேஸ் கசிந்தால் குழாய் நெடுக சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே வருகிறதென்று கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். குளிர் கசிந்தால் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பார். காகிதம் சுலபமாக வந்துவிட்டால் அந்தக் கதவு தேறாது. அவர் ரப்பர் பட்டை மாற்றிக் கொடுத்த கதவில் காகிதம் கிழியுமே தவிர வராது. அந்த விஷயத்தில் மனிதர் பெயர் போனவர்.

கினிப் பன்றிகள் அவருடையவை அல்ல, அவர் தங்கச்சியுடையவை. தங்கச்சிக்கு இருபத்தெட்டு வயது. ரொட்டிக்கடையில் மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற வேலை. ஆனாலும் வீட்டில் அவளுக்குப் ‘பாப்பா’ என்றுதான் பெயர். அவளைவிடச் சின்னவர்கள் யாரும் அந்த வீட்டில் பிறக்காததால் அந்தப் பட்டம் இத்தனை வருஷமும் அவளிடமே தங்கிவிட்டது. வெள்ளையாய் உருண்டையாய் இருந்த பஞ்சுவையும், பழுப்பு நிறக் காப்பியையும் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கி வந்தாள். மூன்று மாதம் முன்பு துணைக்கு இன்னொன்று வந்தது. தட்டு வைத்ததும் மற்ற இரண்டையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்று அதட்டுவதால் அதற்கு ‘அதிகாரி’ என்று பெயர் விழுந்தது. “இதுவும் பொண்ணுதான், பயப்படாம வாங்கிட்டுப் போங்க” என்று கடைக்காரன் சொல்லியிருந்தான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து மெக்கானிக்குக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழு மாதம் முடிந்த கையோடு, யாரும் எதிர்பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடக்கிறது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. குழந்தை பிறந்து இருபத்தைந்தாவது நாள், மூத்த நர்ஸ் ஒரு காகித அட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“எடை நல்லா ஏறுது. குழாயும் எடுத்தாச்சுன்னா இன்னும் எட்டு, பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி வீட்டப் பத்திக் கேக்கணும். வீட்ல யாராவது புகை பிடிப்பாங்களா?”

“இல்லீங்க.”

“தூசி? நாய், பூனை?”

“நாய் பூனையெல்லாம் இல்ல சிஸ்டர். கினிப் பன்னி இருக்கு.”

நர்ஸின் பேனா நின்றது. “பன்னியா? வீட்டுக்குள்ளயா?”

“பன்னின்னா பன்னி இல்ல. எலி மாதிரி.”

“எலியா!”

“எலியும் இல்ல சிஸ்டர்” என்று மனைவி நடுவில் புகுந்தாள். “முயல் மாதிரி, ஆனா காது சின்னது, வால் கிடையாது. நாத்தனார் வளர்க்கிறா. ரொம்ப சாது.”

“சாதுவா இருக்கட்டும்மா. புல்லுத் தூசி, முடி, மூத்திர வாடை, இதெல்லாம் இந்த நுரையீரலுக்கு ஆகாது. குழந்தை உள்ள வர்றதுக்கு முன்னாடி அதுங்க வெளிய போயிடணும். கூண்டு இருந்த அறையையும் நல்லாக் கழுவி நாலு நாள் காயவிடுங்க.” எழுதி முடித்து நர்ஸ் எழுந்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, “அப்பா, உடம்புச் சூடு படட்டும், இன்னைக்காவது குழந்தைய நெஞ்சுல போட்டுக்கிறீங்களா? அம்மாவுக்கு முதுகு விட்டுப்போச்சு” என்றார்.

மெக்கானிக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “இந்தக் கை கம்ப்ரஸர் தூக்குற கை சிஸ்டர். அப்புறம் பாத்துக்கலாம்.”

மனைவி பதினாலு நாளாய் இதே பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது. பாப்பா ரொட்டிக்கடையிலிருந்து கொண்டுவந்த பன்னைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்ண்ணா. குழந்தை வரணும், அதுங்க வெளிய போகணும். ஆனா வெளியன்னா எங்க?”

“கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாமே.”

“அவன் பாம்பும் விக்கிறான். பாம்புக்கு என்ன போடுவான்னு தெரியுமா உனக்கு?”

மெக்கானிக் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பின்கட்டுல இடம் இருக்கு” என்றாள் பாப்பா. “ஆனா இதுங்க பொறந்ததுல இருந்து கூரைய விட்டு வெளிய வந்ததில்ல. வெயில் தாங்காது. ராத்திரி எலி வரும், பூனை வரும். மழைத்தண்ணி உள்ள வரும். இது எதுவும் அண்டாத மாதிரி ஒரு வீடு வேணும். நீ செஞ்சு குடுக்கிறதா இருந்தா சொல்லு. இல்லேன்னா நானே அதுங்களத் தூக்கிட்டு வேற வாடகை அறை பாத்துக்கிறேன்.”

“ஏய், என்ன பேச்சு இது?”

“கோபத்துல சொல்லலண்ணா. அதுங்க சாகக்கூடாது, அவ்வளவுதான்.”

மெக்கானிக் தன் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொழிலில் யாராவது சவால் விட்டால் அவருக்கு உறக்கம் வராது. “வெயில் அண்டக்கூடாது, எலி அண்டக்கூடாது, தண்ணி அண்டக்கூடாது. அவ்வளவுதானே?” என்றார். “இருபத்திரண்டு வருஷமா வேற என்ன பண்றேன் நான்?”

பாப்பா மறுநாளே பழக்கத் தொடங்கினாள். ஒரேயடியாக வெளியே கொண்டுபோய் வைத்தால் பயத்திலேயே இதயம் நின்றுவிடும் என்று அவள் எங்கோ கேட்டிருந்தாள். முதல் நாள் பத்து நிமிஷம், இரண்டாம் நாள் இருபது நிமிஷம் என்று வெயில் ஏறுமுன் காலையில் தூக்கிப்போவாள். பின்கட்டில் கொய்யா மரத்தடியில் கொஞ்சம் புல் உண்டு. ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் மூன்றையும் விட்டாள்.

முதல் நாள் மெக்கானிக்கும் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. மீசைமுடி மட்டும் துடித்தது. புல்லின் ஈரம் காலில் பட்டதும் காப்பி ஒரு காலை உயர்த்தி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி ஒரு புல்லைக் கடித்தது. வேரோடு மண்ணில் நிற்கிற புல் அதற்கு அதுதான் முதல் தடவை. இழுத்தது, வரவில்லை, திரும்ப இழுத்தது, அறுந்து வந்தது. உடனே காப்பி நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் உயரம் எம்பிக் குதித்து, காற்றிலேயே உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, வேறு திசை பார்த்து இறங்கியது.

“என்னாச்சு அதுக்கு? வலிப்பா?”

“சந்தோஷம்ண்ணா. சந்தோஷம் வந்தா இப்படித்தான் குதிக்கும்.”

அப்போது மேலே, மிக உயரத்தில், ஒரு பருந்து வட்டமடித்தது. அதன் நிழல் புல்மேல் ஓடி, கிரேட்டின் மேல் ஏறி இறங்கியது. மூன்றும் ஒரே நொடியில் உறைந்தன. மெல்லுகிற வாய் மெல்லுகிற இடத்திலேயே நின்றுவிட்டது. பருந்து போன பிறகும் வெகுநேரம் ஒரு மயிர் அசையவில்லை.

மெக்கானிக் வாயில் நுரையோடு ஆகாயத்தைப் பார்த்தார், கிரேட்டைப் பார்த்தார். “பருந்து பாத்திருக்கா இதுங்க?”

“எங்க பாக்கும்? ஆகாயத்தையே இன்னைக்குத்தான் பாக்குது.”

“பின்ன யாரு சொல்லிக் குடுத்தா?”

மெக்கானிக்குக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் வாங்கிய, வீட்டு மூலையில் வளர்ந்த ஒரு பிராணி, தான் பிறக்குமுன்பே ஒரு பருந்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. அன்று முழுக்க வேலை செய்யும்போதெல்லாம் அந்த உறைந்த வாய் அவர் நினைவில் வந்துகொண்டேயிருந்தது.

மூன்று நாளில் பெட்டி எழும்பியது. கேக் கடையிலிருந்து கழித்துப்போட்ட சின்ன உறைபெட்டி ஒன்று பட்டறையில் கிடந்தது. கம்ப்ரஸரைக் கழற்றி, உள்ளே தேய்த்துக் கழுவி, வெள்ளை வெளேரென்று ஆக்கினார். சுவரெல்லாம் நாலு விரல் கனத்துக்கு நுரைப் பலகை. வெயில் ஒரு பக்கம் தலைகீழாய் நின்றாலும் மறுபக்கம் எட்டிப்பார்க்க முடியாது. முன்பக்கக் கதவில் கண்ணாடி பதித்தார். புது ரப்பர் பட்டை போட்டார். கால் முழ உயரத்துக்கு இரும்புக் கால்கள் கொடுத்தார். கதவிடுக்கில் காகிதம் வைத்து இழுத்தார், கிழிந்தது. முகம் மலர்ந்தது.

எதிர் வீட்டு டெய்லர் வந்து சுற்றிப் பார்த்தார். “கூலிங், இத மனுஷனுக்கே வாடகைக்கு விடலாமே. என் வீட்ல இவ்வளவு வசதி இல்ல.”

“முதல்ல உன் வீட்டுக் கதவ மாத்து. காகிதம் என்ன, பேப்பர்காரனே உள்ள போயிட்டு வரலாம்.”

பாப்பா மட்டும் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “காத்து எப்படிண்ணா வரும்?” என்று கேட்டாள்.

“ஆறு ஓட்டை போடறேன். கம்பிவலை வச்சு. போதுமா?”

“போதும். ஆனா நான் லீவு போட்டு வீட்ல இருக்கிற அன்னைக்குத்தான் உள்ள விடணும். நான் இல்லாதப்ப விடாத.”

“சரிம்மா அதிகாரி.”

ஆறு ஓட்டை போட்டார், வலையும் வைத்தார். பிறகு உள்ளே வெப்பமானியின் கம்பியைத் தொங்கவிட்டு, எண் காட்டும் முகத்தை வெளிச்சுவரில் ஒட்டிவைத்தார். வெளியே முப்பத்தைந்து. உள்ளே முப்பத்திரண்டு. மனம் ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டு மூன்றே டிகிரியா என்று கை அரித்தது. வெட்டிய நுரைத்துண்டுகள் ஆறும் காலடியில் கிடந்தன. எடுத்து ஓட்டைகளில் செருகிப் பார்த்தார், கனகச்சிதமாய் உட்கார்ந்தன. ராத்திரி கதவைத் திறந்துவைத்து விடிகாலையில் மூடியதில் குளிர் உள்ளேயே தங்கிவிட, மறுநாள் பத்து மணிக்கும் உள்ளே இருபத்தாறு காட்டியது. இருபத்தாறு! அந்த எண்ணை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பாப்பா பழக்கின நாட்களும் ஐந்தாகிவிட்டன. அவள் வேலை முடிந்து வரும்போது மூன்றும் புது வீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். புல் பரப்பினார், தண்ணீர்ப் புட்டி மாட்டினார், மூன்றையும் தூக்கி உள்ளே விட்டார். ஒரு மணிநேரம் இருக்கட்டும், அப்புறம் அடைப்பை எடுத்துவிடலாம்.

கதவை மூடிய பத்தாவது நிமிஷம் போன் வந்தது. பால் கிடங்கில் குளிர் அறை நின்றுவிட்டது, நாலாயிரம் லிட்டர் பால், உடனே வா என்றார்கள். வெப்பமானியைப் பார்த்தார். இருபத்தாறுதான். பூனை அண்டாது, வெயில் அண்டாது. உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வரும்போது மணி மூன்று. கால் கழுவாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனார். கண்ணாடி உள்பக்கம் முழுக்க வியர்த்து வெள்ளையாய் இருந்தது. கைப்பிடியை இழுத்தார். ‘பப்’பென்று ரப்பர் விடுபட்டது.

விசில் வரவில்லை.

இரண்டு வருஷத்தில் அந்தச் சத்தத்துக்கு விசில் வராதது இதுதான் முதல் தடவை. வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கமும் மூத்திர நெடியும் அவர் முகத்தில் மோதின. கண் எரிந்தது. உள்ளே மூன்றும் ஆளுக்கொரு மூலையில், கால்களை நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

அப்போதுதான் சுவரில் வரிசையாய் அடைபட்டிருந்த ஆறு நுரைத்துண்டுகள் கண்ணில் பட்டன. இருபத்திரண்டு வருஷமாய்க் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைத்த கை, இன்று உள்ளே விடாமல் பிடித்துவைத்துவிட்டது.

மூன்றையும் வாரி எடுத்துக் கொய்யா மரத்தடியில் போட்டார். அட்டைப்பெட்டி மூடியால் விசிறினார். தண்ணீரில் துணியை நனைத்துக் காதிலும் பாதத்திலும் ஒற்றினார். அதிகாரியின் விலா எலும்பு எப்போதாவது ஒருமுறை ஏறி இறங்கியது. உயிர் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சு வருமா வராதா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு அவருக்குப் பழக்கமானது. இருபத்தைந்து நாளுக்கு மேலாய், மூன்றாம் மாடியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சட்டென்று எழுந்து பட்டறைக்கு ஓடினார். செப்புக் குழாய்களைப் பற்றவைக்கிற நெருப்புக்காக ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர் அங்கே நின்றது. வால்வில் கை வைக்கப்போனவர் அப்படியே நின்றார். கிரீஸ் கையோடு ஆக்ஸிஜனைத் தொட்டால் தீப்பிடிக்கும், தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது அதுதான். சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்தார். நகக்கண்ணைக் கம்பியால் சுரண்டினார். திரும்பத் தேய்த்துத் துடைத்தார். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்ப் பாட்டிலைப் பாதியாய் வெட்டிக் குழாய் முனையில் மாட்டி, வால்வை மயிரிழை திறந்தார். காது வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு ஒரு சீறல் வந்தது. பாட்டில் வாயை அதிகாரியின் மூக்கருகே பிடித்தார். பிறகு காப்பிக்கு. பிறகு பஞ்சுவுக்கு. திரும்ப அதிகாரிக்கு.

“விடு. மூச்ச விடு. விடுடா கண்ணா” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கால் மணிநேரம் கழித்து அதிகாரி தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்து, தொண்டைக்குள் கரகரவென்று ஒரு அதட்டல் போட்டது. இவ்வளவு இனிமையான அதட்டலை மெக்கானிக் கேட்டதேயில்லை. காப்பி தள்ளாடி எழுந்து நின்றது. பஞ்சு மட்டும் எழவில்லை. அதன் வயிறு இறுகியது, தளர்ந்தது, திரும்ப இறுகியது. உடம்பெல்லாம் நடுங்கியது.

“போச்சு” என்றார் மெக்கானிக். பாட்டிலை மட்டும் அதன் மூக்கருகே பிடித்தபடி மண்ணில் முழங்காலிட்டிருந்தார்.

பஞ்சு திடீரென்று எழுந்து குந்தி உட்கார்ந்தது. தலையைக் குனிந்து தன் கால்களுக்கு நடுவில் விட்டது. பல்லால் எதையோ பற்றி, பையப் பைய வெளியே இழுத்தது. ஈரமாய், பளபளவென்று, ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு ஏதோ புல்மேல் விழுந்தது. பஞ்சு அதன்மேல் இருந்த சவ்வைக் கிழித்து நக்கிற்று. அந்தக் குட்டி தலையை ஆட்டிக்கொண்டு தும்மியது. முழுசாய் முடி இருந்தது அதற்கு. நகம் இருந்தது. இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன.

பஞ்சு குண்டாகிக்கொண்டே போனதை, கொத்தமல்லி கொடுத்தே கெடுக்கிறாய் என்று பாப்பாவைக் கிண்டல் பண்ணியது மெக்கானிக்தான்.

இரண்டாவதும் வந்தது. அதை நக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்து விழுந்தது. அது அசையவில்லை. சவ்வு மூக்கைப் பொத்தியிருந்தது. பஞ்சுவுக்குக் களைப்பு, இரண்டாவதை விட்டுத் திரும்பவில்லை. மெக்கானிக் ஒரு நொடி தன் கையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. குனிந்து, சுட்டுவிரல் நகத்தால் அந்தச் சவ்வைத் தொட்டார். வெங்காயத் தோலைவிட மெல்லிசு. மூக்கிலிருந்து மெதுவாய் உரித்தார். உள்ளங்கையில் ஏந்தி, சட்டை நுனியால் துடைத்து, பாட்டிலைக் காட்டினார். ஒன்றுமில்லை. முதுகை விரலால் தேய்த்தார். ஒன்றுமில்லை. திரும்பத் தேய்த்தார். அவர் உள்ளங்கையில் ஒரு சின்னத் துடிப்பு ஓடியது. அது வாயைத் திறந்து, எலும்பெல்லாம் குலுங்க, ஒரு மூச்சை இழுத்தது. பிறகு கண்ணைத் திறந்து நேராக அவரைப் பார்த்தது.

மெக்கானிக் அழுதார். நாற்பத்தைந்து வயது ஆள், சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தமாகவே அழுதார்.

அரை மணிநேரத்துக்குள் மூன்று குட்டிகளும் நடந்தன. ஒரு மணிநேரத்தில் ஓடின. முதலாவது, தாய் தின்ற புல்லின் மறுமுனையைப் பற்றி மென்று பார்த்தது. அதற்கு வாயில் பல்லும் இருந்தது. உலகத்துக்கு வந்து ஒரு மணிநேரம்தான் ஆகிறது, எல்லாவற்றையும் தயார் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. என் பெண் அவசரப்பட்டு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டாள் என்று நினைத்தார். அவள் இருபத்தைந்து நாளுக்கு மேலாய், பிடிவாதமாய், ஒவ்வொரு மூச்சாய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். எது பெரிய ஆச்சரியம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறரை மணிக்குப் பாப்பா வந்தாள். கிரேட்டைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சிலிண்டரைப் பார்த்தாள். திறந்து கிடந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள்.

“உள்ள விட்டியா?”

“விட்டேன்.”

“நான் இல்லாதப்பவா?”

“ஆமா. ஓட்டைய அடைச்சிருந்தேன். சூடு இறங்கட்டும்னு. போன் வந்துச்சு, போயிட்டேன். அஞ்சு மணிநேரம்.” சட்டைப்பையிலிருந்து ஆறு நுரைத்துண்டுகளையும் எடுத்து அவளிடம் நீட்டினார். “நான்தான் பண்ணேன் பாப்பா. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா மூணும் போயிருக்கும்.”

பாப்பா அந்தத் துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டாள். “கண்ணு முழுக்க வெப்பமானியில இருந்துச்சு, சரி. மூக்கு எங்கண்ணா இருந்துச்சு உனக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கிரேட்டின் மேல் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணினாள். நான்கு வந்தது. ஐந்து வந்தது. ஆறு வந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணா!”

“ம்.”

“இது... இதுங்க எங்கிருந்து வந்துச்சு?”

“உன் கடைக்காரன் சொன்னானே, மூணும் பொண்ணுன்னு. அதுல ஒரு பொண்ணு அப்பாவாயிடுச்சு.”

பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, திரும்பச் சிரிப்பானது. “அதிகாரியா? அடப்பாவி!” மூன்றாவது குட்டி தத்தித் தத்தி வந்து அவள் விரலை முகர்ந்தது. அவள் மூச்சு விடக்கூட பயந்துபோய் அசையாமல் இருந்தாள். “கண்ணு திறந்திருக்குண்ணா. பொறந்த உடனே கண்ணு திறந்திருக்கு.”

“எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்.”

அடுத்த இரண்டு நாள் இரண்டு பேரும் லீவு போட்டார்கள். இந்தத் தடவை பாப்பா சொன்னாள், மெக்கானிக் செய்தார். கதவையும் முன்சுவரையும் அறுத்தெடுத்து, அங்கே முழுக்கக் கம்பிவலை அடித்தார்கள். குட்டிகளின் தலை நுழையாத சின்னக் கண் வலை. பின்சுவரில் மேலே நீளமாய் ஒரு திறப்பு, அதற்கும் வலை. முன்னால் வருகிற காற்று பின்னால் போக வேண்டும். அறுத்தெடுத்த பலகை, சாரல் படாமல் தள்ளி இறங்குகிற மாதிரி, ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே இரண்டாவது கூரையானது. ஓர் ஓரத்தில் பயந்தால் ஒளிந்துகொள்ள இருட்டு அறை. தரையில் கம்பி குத்தாமல் பலகை, அதன்மேல் வைக்கோல். மெக்கானிக் இந்தத் தடவை காகிதம் வைத்துப் பார்க்கவில்லை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி உள்ளே பிடித்து, புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தார். புகை நிற்கவேயில்லை, காற்றோடு வளைந்து பின்பக்கம் ஓடிவிட்டது. பிறகு வெற்றுப் பெட்டிக்குள் தன் தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கால் மணிநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டெய்லர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலேயே போனார்.

முதல் ராத்திரி ஒரு பூனை வந்து வலையைச் சுரண்டிவிட்டுப் போன அடையாளம் காலையில் இருந்தது. உள்ளே ஆறும் இருட்டு அறையில் ஒரே குவியலாய்ப் பத்திரமாய் இருந்தன. பாப்பா கொத்தமல்லியை வலை வழியே நீட்டினாள். சின்னதும் பெரிதுமாய் விசில்கள் கிளம்பின. முன்னறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டார்கள்.

அன்று மத்தியானம் மெக்கானிக் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாம் மாடியில் கை கழுவும் தொட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, யாரும் கேட்காமலேயே, சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

“சிஸ்டர், குடுங்க” என்றார்.

நர்ஸ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தூக்கி, அவர் வெற்று நெஞ்சில் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். காலையில் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். கனமே இல்லை. ஒரு சின்னச் சூடு மட்டும் இருந்தது. மெக்கானிக் தன் கையைக் கொண்டுபோய், அந்த முதுகுமேல், தொடுவதும் தொடாததுமாய் வைத்தார். உள்ளங்கைக்குள் முதுகு முழுசாய் அடங்கியது. பிறகு அவர் அசையவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவிக்குப் பயம் வந்துவிட்டது.

“என்னங்க? என்ன பண்றா?”

அவர் கண்ணை எடுக்கவில்லை.

“மூச்சு விடுறா” என்றார். “வேற ஒண்ணும் பண்ணலம்மா. மூச்சு விடுறா.”